மார்பில் கட்டிய மல்லிகை

திண்டிவனத்து ஆஸ்பத்திரி வார்டில் கல்யாண வீடுபோல் மல்லிகை மணக்கிறது. முந்தாநாள் உயிரில்லாமல் பிறந்த குழந்தையை மண்ணில் வைத்தாயிற்று. ஜெசிந்தாவின் மார்புக்கு மட்டும் அது தெரியாமல் பால் கட்டிக் கனக்கிறது. பால் வற்றுவதற்காக, பக்கத்துக் கட்டில் பெண்ணின் தாய் குப்பம்மாள் பூச்சரங்களை அவள் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுகிறாள். “கொயந்தைய அவ கண்ணுல காட்டாதே குப்பு” என்று குப்பம்மாளின் பேரனைப் பார்க்க வந்த உறவுக்காரி முணுமுணுக்கிறாள். “வாய மூடுக்கா, கடவுள் கேட்டுக்கினு இருக்காரு” என்கிறாள் குப்பம்மாள். அப்போது பேரன் வீறிடுகிறான். அவன் தாய் தலைகுனிந்து, அவனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போக எழுகிறாள். “இங்கயே இரும்மா” என்று ஜெசிந்தா அவள் முந்தானையைப் பிடிக்கிறாள். “என்னுது ஒருவாட்டிகூட அழுவல. இது சத்தமாச்சும் காதுல உழட்டும்.” கட்டிய துணி பூக்களோடு மெல்ல நனைகிறது.