இதயத்துக்கு ஆள் வேண்டும்

மீன் முட்டைக்குள், இன்னும் எந்த உறுப்பாகவும் ஆகாத மூத்ததும் இளையதுமாக இரண்டு செல்கள் அடுத்தடுத்து இருந்தன. மஞ்சள் கருவின் பக்கமிருந்து ஒரு சமிக்ஞை மூச்சிரைக்க வந்து இரண்டு வாசலையும் தட்டியது.

"இதயத்துக்கு ஆள் வேணும். உள்ளே தூங்குற மரபணுவை எழுப்புங்க. நான் கரைஞ்சுக்கிட்டே இருக்கேன், மறுபடி வர முடியாது."

இளைய செல் உடனே எழுப்பியது. மூத்தது கதவை ஒருக்களித்துப் பிடித்தது.

"ராப்பகலா துடிக்கணுமே. கண்ணுக்கு ஆள் எடுக்கலையா?"

"அது என் கையில இல்லைங்க."

"சரி, நடுவுல ஓய்வாவது கொடு. என்ன சொல்ற?"

எட்டிப் பார்த்தால் வாசலில் யாருமில்லை. உள்ளே மரபணு புரண்டுகூடப் படுக்கவில்லை.

குஞ்சு நீந்தத் தொடங்கியபோது மூத்தது வெறும் தோலாகி வெளியே ஒட்டியிருந்தது. அடியில் ஏதோ துடித்தது.

"யாரப்பா அது?"

"நான்தாண்ணே. இப்பப் பேச நேரமில்லை."