அமைதியில் கத்தும் மேஸ்திரி

நாலு மணி நேரம் தகடு வெட்டிய இயந்திரம் சாப்பாட்டு வேளைக்காக நிற்கிறது. மின்விசிறியின் கிறீச்சுகூடத் தெளிவாகக் கேட்கிறது. புதிதாய்ச் சேர்ந்தவள் காதிலிருந்து மஞ்சள் அடைப்பான்களை எடுத்துத் துடைக்கிறாள். ஓரடி தள்ளி நிற்கும் மேஸ்திரி இன்னும் கத்தித்தான் பேசுகிறார். "இருபது வருஷமா இந்தச் சத்தத்துல நிக்கிறேன், எனக்கென்ன ஆயிடுச்சு? நாளையிலேர்ந்து இதை மாட்டிக்கிட்டு வந்தே, வேலை கிடையாது. பெரிய மகாராணி!" அவருடைய சட்டைப்பையில் வெளிச்சம் துடித்து அணைகிறது, மறுபடி துடிக்கிறது. கழித்துப் போட்ட தகட்டைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்க்கிறாள். அடைப்பான்களை டப்பாவில் வைத்து மூடிவிட்டு, அவரைப் போலவே கத்திச் சொல்கிறாள்: "அண்ணே, உங்க போன் மூணாவது தடவையா அடிக்குது. இங்க எல்லாருக்கும் கேக்குது, உங்களுக்குத்தான் கேக்கல."