பொட்டு வைக்காத நெற்றி

படத்தின் கண்ணாடியில் சந்தனப் பொட்டுகளைப் பார்த்ததும் துல்கர்னைனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெளியே குற்றாலத்துச் சாரல். அருவிக்குப் போகிற கூட்டம் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு போனது. அவன் மட்டும் குடையை மடக்கக்கூட மறந்து, பழைய சாமான் கடைக்குள் சொட்டச் சொட்ட நின்றான்.

படம் கல்லாவுக்கு மேலே தொங்கியது. தென்காசிக் கால்பந்துக் குழு, ஜப்பான் சண்டைக்கு முந்தி எடுத்தது. முன்வரிசை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதில் செத்துப்போனவர்களின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடியில் பொட்டு வைத்திருந்தார் கடைக்காரர். வீட்டில் காலமானவர் படத்துக்கு வைப்பார்களே, அதே பொட்டுதான். ஆனால் இது பல பேர் சேர்ந்து நிற்கிற படம். யார் போய்விட்டார்கள், யார் இருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அண்ணன் சேக் மைதீன் நெட்டையன், பின்வரிசையில்தான் நிற்பான். துல்கர்னைன் முன்வரிசையை விட்டுக் கண்ணைத் தூக்கவில்லை.

கைலிக் கம்பெனிக்காக ஊர் ஊராய்ப் போய் ஆர்டர் பிடிக்கிறவன் அவன். போன ஊரிலெல்லாம் பழைய சாமான் கடையாகத் தேடி நுழைந்து, புட்பால் கோப்பை உண்டா, மெடல் உண்டா, குரூப் போட்டோ உண்டா என்று குடைவான். செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரைக்கும் கடைக்காரர்களுக்கு அவன் ஒரு பந்துப் பைத்தியம். பாவம், அவனுக்குப் பந்தை எந்தக் காலால் உதைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது.

வீட்டில் உருவப்படம் கூடாது என்று ஒரே பிடியாக இருந்தவர் அவன் அத்தா. அதனால் அண்ணனுடைய முகம் எங்காவது மிஞ்சியிருந்தால் அது பந்தாட்டப் படத்தில்தான் மிஞ்சியிருக்க வேண்டும். அண்ணன் ரங்கூனுக்கு வேலைக்குப் போனான். சண்டை வந்தது. தகவல் நின்றது. சண்டை முடிந்தும் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. அவன் கப்பலேறிய பிறகு பிறந்த மகள் ஜன்னத்துக்கு இப்போது கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள்.

"எங்க அத்தா மொகத்த ஒரே ஒரு வாட்டி பாத்துரணும் சாச்சா" என்று அந்தப் பிள்ளை கேட்டதிலிருந்துதான் இந்த அலைச்சல்.

மதினி மெஹர் பானு எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்தில் கட்டின கழுத்துக் கருகமணியைக் கழற்றாமல் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன் ஆடின இடம் தென்காசி. முதலில் இந்தப் பக்கம்தான் வந்திருக்க வேண்டும். படத்தோடு சேர்ந்து வேறு ஏதாவது சேதியும் கிடைத்துத் தொலைத்துவிடுமோ என்ற பயத்தில் இதை மட்டும் கடைசியில் வைத்திருந்தான்.

கடைக்காரர் ஆவுடைநாயகம் அந்தக் குழுவுக்குக் கோல் காத்தவர். முன்வரிசையில் தொப்பியோடு இருந்தார், பொட்டில்லாமல். ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றித் துடைத்தார்.

"கடைய ஒழிச்சிட்டு மக வீட்டோட போறேன் தம்பி. செத்தவங்க இருக்க படத்த அங்கன மாட்ட விடமாட்டாவ. ஆசப்பட்டுக் கேக்கவங்களுக்குக் கொடுத்திரலாம்னு இருக்கேன்."

சொல்லிக்கொண்டே கையில் கொடுத்துவிட்டார். இனி பார்க்காமல் எங்கே ஓடுவது? அல்லாவே என்று கண்ணை மேலே கொண்டுபோனான்.

பின்வரிசை ஓரத்தில் அண்ணன் நின்றான். அதே கோணல் வகிடு, வெளியே விடைத்த அதே இடது காது. பக்கத்தில் நின்றவனுக்குப் பொட்டு இருந்தது. அண்ணன் நெற்றியில் இல்லை.

இல்லவே இல்லை. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தான்.

எங்கேயோ இருக்கிறான் பாவி, இருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். உயிர் திரும்பியதும் வியாபாரப் புத்தியும் கூடவே திரும்பிவிட்டது. சட்டத்தின் அடிக்கட்டையில் ஒரே ஓர் இடம் மட்டும் தீய்ந்து கறுத்திருந்ததைத் தொட்டுக் காட்டினான்.

"சட்டம் கருகியிருக்கே அண்ணாச்சி. வெலையப் பாத்துச் சொல்லுங்க."

"அது ஊதுவத்தி வச்ச இடம் தம்பி" என்றார் ஆவுடைநாயகம். "மத்தவனுகளுக்குப் பொட்டு வச்சேன். நம்ம சேக்குக்கு எப்படி வைக்க? அவங்கள்ல அது வழக்கம் இல்லேல்லா. அதான் வெள்ளி ராவுக்கு வெள்ளி ராவு அவனுக்கு ஒரு வத்தி. ரங்கூன்லருந்து கூட நடந்து வந்தவன் சொல்லிட்டுப் போனான், மலைப்பாதையிலயே முடிஞ்சிட்டான்னு. வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கறுப்பு, அண்ணனின் காலடிக்கு நேர் கீழே இருந்தது.

துல்கர்னைன் கறுப்பைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான். படத்தை வாங்க மதினிதான் முதலில் கை நீட்டுவாள். இந்தக் கறுப்பு என்ன என்று அவள் கேட்டால்?

"தாள்ல சுத்தித் தரட்டா?"

"சட்டமும் கண்ணாடியும் உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. படத்த மட்டும் உருவித் தாங்க."

ஆவுடைநாயகம் அப்போதுதான் வெளியே விடைத்திருந்த அவனுடைய இடது காதைப் பார்த்தார். குறடு எடுத்து ஆணிகளைப் பிடுங்கினார். பொட்டுகள் கண்ணாடியோடு ஒரு பக்கம் போயின, கறுப்பு சட்டத்தோடு ஒரு பக்கம் போனது.

வெறும் படத்தை அவன் கையில் கொடுத்தார். அதில் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.