கூண்டுப் பலகை

முகக்கவசம் போட்டால் சிம்பன்சி மகாராணிக்குத் தன்னை அடையாளம் தெரியாது என்று அதைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டுதான் அவள் கூண்டுக்குள் போனார் மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர். இருமல் மிட்டாயைச் சப்பிக்கொண்டே அவளுக்குப் பழம் ஊட்டினார்.

சில நாளில் மகாராணி அவர் முகத்திலேயே தும்மிவிட்டுச் சுருண்டு படுத்தாள். அவருக்கும் மூக்கு ஒழுகியது. போதாதா? வீட்டில் தனி அறை, தனித் தட்டு. மனைவி சாப்பாட்டைத் துடைப்பத்தால் உள்ளே தள்ளினாள்.

"குரங்கு கொடுத்த காய்ச்சல்டி. நான் போயிட்டா அழாதே."

"அழல. தட்டைக் கழுவி வைங்க."

மிருக டாக்டர் போனில் வந்தார். "உங்களுக்கும் மகாராணிக்கும் ஒரே வைரஸ்தான்."

"அது தெரிஞ்சதுதானே டாக்டர். நான் தேறுவேனா?"

"உங்களுக்கு வெறும் ஜலதோஷம். அதை நீங்கதான் அவளுக்குக் கொடுத்திருக்கீங்க. அவளுக்கு நிமோனியா ஆயிடுச்சு."

தியாகியாகப் படுத்திருந்தவர் குற்றவாளியாக எழுந்து உட்கார்ந்தார். "மறைக்காம சொல்லுங்க டாக்டர். அவ பொழைச்சுக்குவாளா?"

"பொழைச்சுக்குவா. ஆனா 'கிட்டே போகாதீர், நோய் தொற்றும்'னு கூண்டுல வெளியே பார்த்து ஒரு பலகை மாட்டியிருந்தோமே, அதை இன்னைக்கு உள்ளே பார்த்துத் திருப்பி மாட்டிட்டேன்."