சறுக்குமரம் பார்த்த திசை

“பச்சைக்குழந்தையை வறுக்கறதுக்குத்தான் தகரம் போட்டு வச்சிருக்கீங்களா சார்?”

அடி அண்ணாமலை குழந்தைகள் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் மூர்த்தி திரும்பினார். இடுப்பில் ஒன்றரை வயது மகளோடு உண்ணாமலை நின்றிருந்தாள். குழந்தையின் தொடை இரண்டும் சிவந்து கன்றியிருந்தன.

“ரெண்டு மாசம் கீழ்பென்னாத்தூர்ல எங்கம்மா வீட்ல இருந்துட்டு முந்தாநாள்தான் வந்தேன். சின்னப் பசங்களுக்குன்னே பார்க் கட்டியிருக்காங்களாம்னு நேத்து ஆசையா தூக்கிட்டு வந்தா, சறுக்குமரத்துல உட்கார வச்சதும் துடிச்சுப் போச்சு. ஆறு வருஷம் பௌர்ணமி தவறாம மலை சுத்திப் பெத்த பிள்ளை சார் இது.”

“மருந்து போட்டீங்களாம்மா?”

“போட்டாச்சு. பேச்சை மாத்தாதீங்க. பசங்க விளையாட வர்றதே சாயங்காலம். அந்த வெயில் நேரா விழுற பக்கமா பார்த்து எவனாவது சறுக்குமரம் வைப்பானா? எங்க வீட்டுக்காரர் சண்டை வேணாம்னு வாசல்லயே நின்னுட்டாரு. அவரு சாது. நான் அப்படி இல்ல.”

அது மூர்த்திக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஆனால் அவருக்கும் கோபம் வந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த பூங்கா. விழுந்தால் அடிபடாமல் இருக்க மணல், பிஞ்சுக் கால் எட்டும் உயரத்தில் படி, குழந்தை நழுவாதபடி குறுக்குக் கம்பி போட்ட ஊஞ்சல். அத்தனையும் பார்த்துச் செய்தவருக்கு வெயில் தெரியாதா?

“நான் மலையைப் பார்த்துதாம்மா வைக்கறதா இருந்தேன். சாயங்கால வெயில் பின்பக்கம் போயிடும், தகரம் சுடாது. ஒருத்தர் வந்து, சறுக்குமரம் நட வெட்டின குழியில இறங்கி நின்னுட்டார். சறுக்குற பிள்ளைங்க காலு அண்ணாமலையாருக்கு நேரா நீளுதாம், பாவமாம். கூட்டம் சேர்ந்துபோச்சு. திருப்பி வச்சாத்தான் ஆச்சுன்னுட்டாங்க.”

“எந்த அறிவுகெட்ட ஆளு சார் அது? பால்மணம் மாறாத பிள்ளை காலை நீட்டினா சாமிக்குக் கொறைஞ்சா போயிடும்? அவனுக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா இப்படிச் சொல்லுவானா?”

“இருக்காம். அதைச் சொல்லித்தான் அழுதார். ‘ஆறு வருஷம் இந்த மலையைச் சுத்தி வாங்கின பொண்ணு சார், அது காலை இந்த மலைக்கே நீட்ட விடுவனா’ன்னு கேட்டார். நானும் திருப்பி வச்சுட்டேன்.”

உண்ணாமலை மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். எஸ்.டி.டி. பூத் ஓரமாக நின்றிருந்த அவள் கணவன் வேடியப்பன், மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

“நாளைக்கே திருப்பி வைங்க சார்” என்றாள் அவள். “கூட்டம் வந்தா, இந்தத் தடவை குழியில நான் வந்து நிக்கிறேன். சாமிகிட்ட மன்னிப்பு கேக்கறதை எங்க வீட்டுக்காரர் பார்த்துக்குவாரு.”