இரண்டு தட்டு, இரண்டு மூடி

ஆய்வுக்கூட விளக்கடியில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் சர்க்கரை தூக்கலான ஊட்டக்கூழில் கடுகளவு நாற்றுகள். சர்க்கரையை உணரும் புரதம் உள்ளவை வளர்ச்சியை நிறுத்தி வெளிறிக் கிடக்கின்றன. அது இல்லாதவை ஒன்றுமறியாமல் பச்சையாகச் செழிக்கின்றன. சண்முகப்ரியாவின் நான்காண்டு ஆராய்ச்சி இது. பொன்னாடை நழுவாமல் குனிந்து, விருந்தினருக்காகத் திறந்த மூடிகளை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சீனிவாசலு மாற்றி மூடுகிறார். பெயர்ச்சீட்டு மூடியில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் படித்துத் தொண்டையைச் செருமுகிறார். "பாருங்க, புரதம் இல்லாததுதான் வெளிறிப்போச்சு. உலகமே இத்தன நாளாத் தப்பா நெனச்சுட்டு இருந்துச்சுங்க." சண்முகப்ரியா பதறி மூடிகளைச் சுட்டிக்காட்டுகிறாள். "சார், மூடி மாறிப்போச்சுங்க." கைதட்டல் அதை விழுங்கிவிடுகிறது. அவர் பெருந்தன்மையோடு திரும்புகிறார். "பயப்படாத அம்மணி, உன்ற தீசிஸ்லயும் இதையே எழுதிப்போடு."