அளவு பொம்மை

வாசலில் ‘மக்கள் கருத்துக்கேட்பு’ என்று பேனர் கட்டியிருந்தார்கள். உள்ளே திட்டம் ஏற்கெனவே பசை காய்ந்து இறுகியிருந்தது. வரப்போகும் நகரத்தைத் தெர்மாகோலில் செய்து மண்டபத்தின் நடுமேசையில் வைத்திருந்தார்கள். கால்வாய்க்கரைக்காரர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். தனபாக்கியம் குனிந்து கால்வாயைக் கண்டுபிடித்தாள், பாலத்தையும் கண்டுபிடித்தாள். பாலத்தை ஒட்டி அவள் தெரு இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் புல் ஒட்டியிருந்தது. புல்லின்மேல் நகத்தளவு உயரத்தில் ஒருவன் நாயோடு உலாவிக்கொண்டிருந்தான்.

“எங்க தெரு எங்க சார்?”

“அது பசுமை வெளிம்மா. நகரத்துக்கு நுரையீரல் மாதிரி,” என்றார் திட்டத்தை வகுத்த பேராசிரியர்.

“அப்போ நாங்க இன்னா, சளியா? இவனுக்கு மட்டும் அங்க யாரு பட்டா குடுத்தது?”

பேராசிரியர் சிரித்தார். “அவன் நிஜ ஆள் இல்லம்மா. அளவுக்கு வைக்கிற பொம்மை. பக்கத்துல ஒரு மனுஷன் நின்னாதான் எது எவ்வளவு பெருசுன்னு தெரியும்.”

தனபாக்கியம் அந்தப் பொம்மையை நாயோடு பிடுங்கி அவர் சட்டைப்பையில் போட்டாள். தன் வீட்டு வாசலில் விடுவதுபோல மேசையோரம் செருப்பை விட்டாள். நாற்காலியில் கால்வைத்து ஏறி, புல்லின்மேல் நின்றாள். தெர்மாகோல் நொறுங்கியது.

“பாத்துக்க. இதான் அளவு.”

பேராசிரியர் காவலாளியைத் தேடித் திரும்பினார். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.